கரைமேல் வரும் தந்திக்காரர்

“காயிதத்துல எழுதிட்டா ஆயிடுமா? ஒண்ணும் ஆவாது. போயி மாட்டைக் கட்டு” என்றார் என் நைனா.

நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்ததில்லை. வெள்ளையடிக்கப் போன பெரியப்பா ஒருவர் மட்டும் பார்த்திருக்கிறார். அதனால் நைனா சொன்னது எனக்குச் சுருக்கென்றது. மாட்டைக் கட்டிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து மனுவை எழுதினேன். மூன்று பக்கம். அடித்தல் திருத்தல் கிடையாது. ‘கடமை தவறிய’ என்ற சொற்களுக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு வேறு போட்டேன்.

மனு தந்திக்காரர்மேல்.

செங்கல்பட்டு ஜில்லாவில் அவரைப்போல் ஜனங்களை அழவைத்த ஆள் இன்னொருவர் இருந்திருக்க முடியாது. கை ஓங்கமாட்டார். குரல் உயர்த்தமாட்டார். சைக்கிளில் வந்து இறங்கி ஸ்டாண்டு போடுவார், அவ்வளவுதான். ஸ்டாண்டு தரையைத் தொடுவதற்குள் தெருவில் பாதிப் பேர் மாரில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரகடத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர்களில் யாரும் சும்மா தந்தி அடிப்பதில்லை. தந்தி என்றால் சாவு. சாவு இல்லையென்றால் சாகக் கிடக்கிறது. அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை. டவுனில் இருக்கும் தந்தி ஆபீசிலேயே அவரைத் தந்திக்காரரே என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவர் முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தந்தியை உறையில் போட்டு ஒட்டித்தான் அவரிடம் கொடுப்பார்கள். உள்ளே என்ன என்று அவருக்குத் தெரியாது. இங்கிலீஷும் தெரியாது. தெரியாத காரணத்தால் எல்லாத் தந்திக்கும் பொதுவாக ஒரு முகம் வைத்திருந்தார். எட்டு நாள் அடைமழையில் கொடியில் கிடந்த வேட்டி மாதிரி இருக்கும் அது.

ஒருமுறை எங்கள் ஏரி, உபரித் தண்ணீர் வழியும் கடைவாசல்வரை நிரம்பி, ஊரே பொங்கல் வைத்துக் கும்பிட்டது. அன்றைக்கு வந்து நின்றார்.

“ரொம்பிடுச்சா?” என்றார்.

“ரொம்பிடுச்சி.”

பெருமூச்சு விட்டார். “அப்ப உடையும்.”

இன்னொரு நாள், பெண் பார்த்து முடித்துப் பூ வைத்துக்கொண்டிருந்த வீட்டு வாசலில் சோடா கொடுத்து உட்காரவைத்தார்கள். “ஜோடி எப்டிக் கீதுங்க?” என்று யாரோ கேட்டுவிட்டார்கள். சோடாவைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தான் கீது. அதான் பயமாக் கீது.”

அவர் சைக்கிளுக்கும் அவருக்கும் ஒரே ஜாதகம். மட்கார்டு கிடையாது. பின்சக்கரத்தில் காற்று நின்ற காலம் மலையேறிவிட்டதால், டயருக்குள் வைக்கோலைத் திணித்துக் கயிற்றால் வரிந்து கட்டியிருப்பார். உருளும்போது வைக்கோல் பிதுங்கிப் பிதுங்கி விழும். எங்கள் ஊர் மாடுகள் அவர் பின்னாலேயே போகும். ஸ்பேர் டியூப் ஒன்றைப் பூணூல் மாதிரி குறுக்கே மாட்டியிருப்பார். பாரில் இரண்டு பம்புகள் கட்டியிருக்கும்.

“ரெண்டு எதுக்குங்க?” என்று கேட்டேன்.

“ஒண்ணு கெட்டா ஒண்ணு.”

“ரெண்டும் கெட்டா?”

“கெட்டுத்தான் கீது.”

நான் ஏழாவது படிக்கும்போது பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவுக்கு ஒரு தந்தி வந்தது. அக்காவின் மகளைத் தூரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தந்திக்காரர் ஸ்டாண்டு போட்டதும் அக்கா தலையை அவிழ்த்துவிட்டாள். தெருப் பெண்கள் கூடிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். “பட்டுபோல பொறந்தவளே” என்று ஒப்பாரி தொடங்கி இரண்டு சுற்று ஆனபிறகுதான், உறையை யாராவது பிரிக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியது. கூட்டத்தில் இங்கிலீஷ் எழுத்து தெரிந்த ஒரே ஆள் நான். என்னை இடுப்புயர நெல் குதிர்மேல் ஏற்றி நிறுத்தினார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

“ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு. தாயும் புள்ளையும் சௌக்கியம்.”

ஒப்பாரி நின்றது. ஆனால் ஒரு சுற்று பாக்கி இருந்தது. பெரியவள் ஒருத்தி, “ஆரம்பிச்சிட்டோம், பாதியில வுட்டா நல்லாருக்காது” என்றாள். அதையும் பாடி முடித்துவிட்டுத்தான் சர்க்கரை வாங்க ஆள் போனது. தந்திக்காரர் வாசலில் நின்றபடியே இருந்தார். “ரெண்டு பேரும் சௌக்கியம்னா போட்டிருக்கு?” என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். “இன்னிக்கி” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவர் வரும் வழி.

டவுனிலிருந்து எங்கள் ஊருக்கு ஒன்பது மைல். வல்லத்தில் புகுந்து, இடையில் நாலு ஊரைத் தாண்டி, வடக்குப்பட்டு வழியாகக் கப்பி ரோடு நேராக வருகிறது. உருளைக்கல்லும் செம்மண்ணும் பரப்பிய ரோடுதான், பல் ஆடும். ஆனாலும் ரோடு. ஒன்றரை மணி நேரத்தில் மிதித்துவிடலாம். தந்திக்காரரை அந்த ரோட்டில் கண்டவர் கிடையாது. ஏரிக்கரைமேல் தெரிவார். வரத்துக் கால்வாய்க் கோரைக்குள்ளிருந்து எழுவார். சவுக்குத் தோப்பில் நுழைந்து காணாமல் போய், காப்புக்காட்டின் அந்தக் கோடியில் முள்ளோடு முளைப்பார். ஒருமுறை இடுப்பளவு நனைந்து, சைக்கிளைத் தலைமேல் தூக்கிக்கொண்டு, எங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்பக்கமாக வந்து நின்றார். அம்மா எருவாரிக்கொண்டிருந்தவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஊரில் இதற்குப் பல காரணங்கள் சொன்னார்கள். தோப்புக்குள் இரண்டாவது குடும்பம் வைத்திருக்கிறார் என்றார்கள். அந்த முகத்துக்கு முதல் குடும்பமே இருக்க வாய்ப்பில்லை என்று அந்தக் கட்சி தோற்றது. ரோட்டில் ஒரு நாய்க்குப் பயப்படுகிறார் என்றார்கள். காட்டில் புதையல் தேடுகிறார் என்று அஞ்சலை அக்காவின் வீட்டுக்காரர் அடித்துச் சொன்னார். கடைசியில், கொஞ்சம் மூளை கலங்கினவர் என்று ஒப்புக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

நானும் விட்டிருப்பேன். எனக்கே ஒரு தந்தி வரும்வரை.

ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். காத்திருப்போர் வரிசையில் என் பெயர் முதலில் இருந்தது. சேர வேண்டிய ஒரு பெண் வரவில்லை. அன்று மாலை நான்கு மணிக்குள் செங்கல்பட்டில் வந்து நின்றால் அந்த இடம் எனக்கு என்று காலையில் தந்தி அடித்திருந்தார்கள். ஆபீஸ் முத்திரையில் காலை பத்து மணி. தந்திக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தபோது மூன்று பத்து. சட்டை முழுக்க வேலிகாத்தான் முள். முழங்கால்வரை சேறு. அம்மா வழக்கப்படி அழுதுகொண்டிருந்தாள். நான் பிரித்துப் படித்தேன்.

“நல்ல சேதியாம்மா?” என்றார்.

“நல்ல சேதிதான். மூணு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா.”

தலையை ஆட்டினார். “அப்டித்தான் ஆவும்.”

ஓடினேன். பஸ் பிடித்தேன். ஆறு மணிக்குச் செங்கல்பட்டில் வாட்ச்மேன் எனக்குப் பூட்டைக் காட்டினார். நல்ல பூட்டு. திரும்பி வந்த நாலாவது நாள் மனு எழுதினேன். ஊரே கைநாட்டு வைத்தது.

பதினோராவது நாள் மேலாபீசிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் சொந்தச் சைக்கிளில் வந்து இறங்கி, மனுதாரர் யார் என்று கேட்டார். நைனா என்னைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். “நெசமாவே வந்துட்டாரே” என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் நின்றதில்லை. அதற்காக இன்று வெட்கப்படுகிறேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு சோதனை வைத்தார். மறுநாள் என் பெயருக்கே ஒரு தந்தி. தந்திக்காரர் அதை ரோடு வழியாகக் கொண்டுவர வேண்டும். இன்ஸ்பெக்டர் வாட்ச் கட்டிக்கொண்டு பின்னாலேயே மிதித்து வருவார். நான் ஊர்க்கோடியில் நின்று, வந்து சேரும் நேரத்தைக் குறிக்க வேண்டும். பள்ளிக்கூடத்து மேஜைக் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. இரண்டே முக்காலில் வடக்குப்பட்டுப் பக்கம் செம்மண் புழுதி எழும்பியது. மாடு மிரண்டு வருகிறது என்று நினைத்தேன். மாடு இல்லை. ஜனம்.

நடுவில் தந்திக்காரர். சைக்கிளில் ஏற வழியில்லாமல் உருட்டிக்கொண்டு வந்தார். ஹாண்டில்பாரை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். காரியரை ஒரு கிழவர் பிடித்திருந்தார். பின்னால் ஆறு ஊர்ப் பெண்கள், தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு பிணத்தை மனத்தில் வைத்து அழுதுகொண்டு. எல்லாருக்கும் கடைசியில் இன்ஸ்பெக்டர், டியூப் வெடித்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. யாரோ அவரைப் பிணத்துக்குச் சொந்தக்காரர் என்று நினைத்து ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

எல்லார் எதிரிலும் உறையைப் பிரித்தேன்.

“படிம்மா, யாரு?” என்றார் கிழவர்.

“சோதனைத் தந்தி. வந்து சேர்ந்த நேரத்தைக் குறிக்கவும்.”

“அதுசரி, செத்தது யாரு?”

“யாரும் சாகல.”

கூட்டம் அசையவில்லை. “யாருமே சாவலன்னா எதுக்கு தந்தி?” என்றார் கிழவர். அவர் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது.

வடக்குப்பட்டிலிருந்து வந்த ஒருத்தி என் கையைப் பிடித்தாள். “எம்மா, அடுப்புல தண்ணி ஊத்திட்டு வந்தேன். கேவுரு களி பாதி வெந்துக்கினு இருந்துச்சி. வூட்ல எல்லாம் பசியோட குந்திக்கினு கீதுங்க. யாருக்கும் இல்லன்னா இதை வடக்குப்பட்லயே சொல்லக் கூடாதா?”

வெளியூர் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஊரில் ஒரு சாவு என்றால், எடுக்கும்வரை யார் வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது. தந்திக்காரர் ஊருக்குள் நுழைந்தாலே சாவு வந்ததாகத்தான் கணக்கு. தந்தி யாருக்கு என்று தெரியும்வரை பெண்கள் அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். உங்களுக்கு இல்லை என்று அவர் சொன்னாலும் நம்பமாட்டார்கள். வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறார் என்று நினைப்பார்கள். எங்கள் ஊருக்கு வரும்போது எங்கள் அடுப்பு அணைவது எனக்குத் தெரியும். எங்களுக்கு முன்னால் ரோட்டில் ஆறு ஊர் இருப்பதை, பூகோளத்தில் எழுபத்தெட்டு மார்க் வாங்கிய நான் யோசிக்கவே இல்லை.

கூட்டம் கலைந்தபிறகு தந்திக்காரரிடம் போனேன். “இதுக்காகத்தான் கரைமேல வந்தீங்களா?”

“முன்னாடி நானும் ரோட்டுலதாம்மா வந்தேன்” என்றார். “ஒரு நாளு இங்க குடுத்துட்டு திரும்பிப் போறேன். வழியில ஒரு வூட்டு வாசல்ல, புள்ள பெத்து நாலு நாளானவ சுவத்துல சாஞ்சிக்கினு கீறா. யாருக்குயா தந்தின்னா. ஒனக்கு இல்லம்மான்னேன். அப்ப எனக்கு எதுக்குயா பசியக் குடுத்துட்டுப் போனேன்னா. இன்னா சொல்றது?”

இருந்தாலும் கேட்டேன். “என் தந்தி வந்த அன்னிக்கி?”

“அன்னிக்கி வல்லத்துல கல்யாணம். கோட்டை அடுப்பு வெட்டி அண்டா ஏத்தியிருந்தாங்க. நான் உள்ள பூந்தா அண்டாவோட கவுத்திருப்பாங்க. சுத்திக்கினு கால்வாய்ல எறங்கினேன். கோரை ஆளொசரம். அப்பால தோப்புல முள்ளு ஏறிச்சி. பம்பு…”

“தெரியும்” என்றேன்.

உறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே, என் வாத்தியார் வேலைக்கும் வல்லத்து ஜனங்களின் கல்யாணச் சாப்பாட்டுக்கும் நடுவில் சாப்பாட்டைத்தான் அவர் காப்பாற்றியிருந்தார். கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

இன்ஸ்பெக்டர் சிறுபாலத்துச் சுவரில் உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான். “ரோட்டுக்கு மைல்கல் இருக்கும்மா. கரைக்கு மைல்கல் இல்லை. மைல்கல் இல்லாத வழிக்கு நான் எப்படி நேரம் போட முடியும்?” என்றார். இனி ரோடு வழியாகத்தான் போக வேண்டும், மீறினால் வேலை போய்விடும் என்று உத்தரவு எழுதி, தந்திக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அன்றே இரண்டாவது மனு எழுதினேன். ஆறு பக்கம். முதல் மனுவைவிட உருக்கமானது. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரே கையெழுத்தில் வந்துள்ள, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு மனுக்களில் முந்தியதே செல்லும்.

அதன்பிறகு அவர் ரோட்டில் வந்ததைப் பார்த்தவர்கள் சொல்லுவார்கள். ஒவ்வொரு ஊருக்கு முன்னாலும் இறங்கி, காக்கிச் சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்து, பையை வைக்கோல் கட்டுக்குள் மறைத்துக் காரியரில் வைத்து, வைக்கோல் விற்கிறவர் மாதிரி உருட்டிக்கொண்டு போவாராம். எல்லாவற்றையும் மறைத்துவிட்டார். முகத்தை எங்கே மறைப்பது? வல்லத்தில் ஒருத்தி பார்த்துவிட்டு, “அய்யோ, சட்டகூட போட மனசில்லாம வரார்டி” என்று அலறினாளாம். அன்று அழுகை இரண்டு பங்கு. நாலு மாதம் பார்த்தார். பிறகு சைக்கிளை ஆபீசில் விட்டுவிட்டு, உட்கார்ந்து செய்யும் வேலை ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார். பின்கட்டில் தந்தி உறைகளுக்குப் பசை தடவி ஒட்டும் வேலை கொடுத்தார்கள்.

அங்கே போய்த்தான் அவரைப் பார்த்தேன். பசைக் கிண்ணத்தின் முன்னால், அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“அந்த மனுவ எழுதினது நாந்தாங்க” என்றேன்.

“தெரியும். இன்ஸ்பெக்டரு முழுசா படிச்சிக் காட்டினாரு.” பசையைக் கலக்கினார். “கடமை தவறியன்னு ஒரு எடத்துல வரும். கோடுகூட போட்டிருந்தே. என்னப் பத்தி யாரும் அவ்ளோ எழுதினதில்லம்மா. கேக்க நல்லா இருந்துச்சி.”

அவர் கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அவருக்குக் கிண்டல் வராது.

வெளியே வரும்போது ஆபீஸ் பலகையில் ஓர் அறிவிப்பு. எங்கள் பக்கத்து ஊர்களுக்குத் தபாலும் தந்தியும் கொண்டு போக ஆள் தேவை. எஸ்.எஸ்.எல்.சி. விரும்பத்தக்கது, சைக்கிள் ஓட்டத் தெரிய வேண்டும். பெண்ணாக இருக்கக் கூடாது என்று எங்காவது இருக்கிறதா என்று தலைமை அதிகாரி அரை நாள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இல்லை. யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்து எழுதாமல் விட்டிருந்தார்கள். “கப்பி ரோட்டுல ஒம்போது மைலு. ஒரு மாசம் தாங்கமாட்டே” என்றார். அங்கீகரிக்கப்பட்ட ரோடு தவிர வேறு வழியில் செல்லமாட்டேன் என்று அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். நான் எழுதி வாங்கிக் கொடுத்த உத்தரவுதானே.

மூன்று வாரம் வெறும் தபால்தான். தபாலுக்கு யாரும் அடுப்பை அணைப்பதில்லை; ரோட்டிலேயே போய்வந்தேன். வடக்குப்பட்டில் எனக்கு மோர்கூடக் கொடுத்தார்கள்.

போன செவ்வாய்க்கிழமை முதல் தந்தி வந்தது. தந்திக்காரரே உறையை ஒட்டி ஜன்னல் வழியாக நீட்டினார். எந்த வழியில் போகிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சொல்லியிருக்கமாட்டேன். அவர் இன்னும் அதே ஆபீசில்தான் சம்பளம் வாங்குகிறார். என் பின்சக்கரத்தை மட்டும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“காத்து ரொம்ப அடிச்சிக்கீறே. வெடிக்கும்” என்றார். பிறகு வாசல்படிவரை வந்து நின்றார். அந்த வாசல்படிக்கு அவர் வந்து மாதக் கணக்காகிறது என்று பியூன் சொன்னார்.

வல்லத்துக்கு முன்னால் ஒரு மதகு. நேரே போனால் ரோடு. பதினொன்றரை மணி இருக்கும், கூரைகளுக்கு மேல் புகை எழுந்துகொண்டிருந்தது. உறைக்குள் என்ன என்று எனக்கும் தெரியாது. இறங்கினேன். பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டு, சைக்கிளைத் தூக்கி மதகுச் சுவரைத் தாண்டி, கோரையை இரண்டு கையாலும் விலக்கிக் கால்வாய்க் கரைமேல் ஏறினேன். அங்கே வழி என்று ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். கரை நடுவில், ஒரே ஒரு சைக்கிள் மட்டும் போகும் அகலத்துக்கு, புல் முளைக்காத ஒரு கோடு தோப்புவரை ஓடியது. எத்தனை வருஷம் அந்த மனிதர் தனியாக மிதித்திருந்தால் மண் அப்படித் தேய்ந்திருக்கும். முன்சக்கரத்தை அந்தக் கோட்டின்மேல் வைத்து, ஏறி மிதித்தேன்.